கவளமும் கடனும்: பௌத்த மடங்களில் கவனத்தோடு உண்ணும் வழக்கத்தின் வரலாறு

மெல்ல உண்ணுவதும், உண்ணும்போது மனத்தை உணவின் மீதே நிறுத்துவதும் இன்று பெரும்பாலும் உடல்நலக் குறிப்புகளாகவே அறிமுகமாகின்றன. எடை குறையும், செரிமானம் சீராகும், மன உளைச்சல் தணியும் என்பனவே அவற்றுக்குச் சொல்லப்படும் காரணங்கள். ஆனால் இவ்வழக்கத்தை மிகப் பழங்காலத்திலேயே நுணுக்கமான விதிகளாகத் தொகுத்து, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் வைத்திருக்கும் பௌத்தத் துறவியர் மரபில், உடல்நலம் இரண்டாம் இடத்தையே பெற்றிருந்தது. உணவை அளித்தவருக்கு உண்பவர் பட்டிருக்கும் கடனே அங்கு முதலிடத்தில் நின்றது. கங்கைச் சமவெளியில் தோன்றி, காவிரிக் கரையையும் சீனத்தையும் ஜப்பானையும் கடந்து இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க மருத்துவமனை வரை வந்து சேர்ந்த இந்த வழக்கத்தைப் பின்தொடர்ந்தால், உண்பவரின் கவனம் யாரை நோக்கியது என்னும் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் வேறு வேறு விடை தந்திருப்பது புலப்படும்.

பாத்திரமும் முப்பது விதிகளும்

பௌத்தச் சங்கத்தின் தொடக்க காலத்தில் பிக்குகள் பயிரிடவில்லை, சமைக்கவில்லை, உணவை மறுநாளைக்கென எடுத்து வைக்கவும் இல்லை. காலையில் பாத்திரம் ஏந்தி ஊருக்குள் சென்று, வீட்டு வாயில்களில் வாய்பேசாமல் நின்று, இட்டதை ஏற்று, நண்பகலுக்கு முன் உண்டு முடிக்க வேண்டும் என்பதும், அதன்பின் மறுநாள் விடியும்வரை திட உணவு கொள்ளலாகாது என்பதும் அவர்களுக்கு விதி. ஒருநாள் உணவு முழுவதும் அடுத்தவர் கொடையைச் சார்ந்திருந்த நிலையில், அதை எப்படி உண்பது என்பது துறவியின் தனிப்பட்ட பழக்கமாக இருக்க இயலவில்லை; ஊரார் பார்வையில் சங்கத்தின் மதிப்பே அதில் அடங்கியிருந்தது.

தேரவாத மரபின் பாதிமோக்கம், அதாவது பிக்குகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடி ஓதும் ஒழுக்க விதிகளின் தொகுப்பு, 227 விதிகளைக் கொண்டது. அவற்றுள் 75 விதிகள் 'சேகியம்' எனப்படும் நடத்தைப் பயிற்சிகள். அந்த எழுபத்தைந்தில் முப்பது, உணவை ஏற்பதையும் உண்பதையும் பற்றியவை. உணவை மதிப்புடன் ஏற்க வேண்டும். ஏற்கும்போதும் உண்ணும்போதும் கவனம் பாத்திரத்தின் மீதே இருக்க வேண்டும். பாத்திரத்தின் விளிம்புக்கு மேல் குவியும்படி வாங்கக் கூடாது. சோற்றின் அளவுக்கேற்பவே குழம்பு வகையை ஏற்க வேண்டும். இன்னும் வேண்டும் என்னும் ஆசையில், இட்ட கறியைச் சோற்றால் மூடி மறைக்கக் கூடாது. குறைகாணும் நோக்கில் அடுத்தவர் பாத்திரத்தைப் பார்க்கக் கூடாது என்று அவ்விதிகள் தொடங்குகின்றன. பிறகு அவை கவளத்துக்கு வருகின்றன. கவளம் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கலாகாது, உருண்டையாக இருக்க வேண்டும். அது வாயருகே வருமுன் வாயைத் திறக்கக் கூடாது. கையை முழுவதும் வாய்க்குள் விடக் கூடாது. வாயில் சோற்றோடு பேசக் கூடாது. கவளத்தைத் தூக்கி எறிந்து வாயில் பிடிக்கக் கூடாது. கன்னம் புடைக்க அடைத்துக்கொள்ளக் கூடாது. கையை உதறுவதும், பருக்கைகளைச் சிதறுவதும், நாக்கை நீட்டுவதும், விரலையும் பாத்திரத்தையும் உதட்டையும் நக்குவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

உண்ணும் ஓசைக்கெனத் தனியே இரண்டு விதிகள் உள்ளன. மெல்லும்போது எழும் 'சபுசபு' என்னும் ஓசையும், உறிஞ்சும்போது எழும் 'சுருசுரு' என்னும் ஓசையும் பாலி மொழியில் அவ்வாறே ஒலிக்குறிப்புச் சொற்களாக எழுதி விலக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு விதியும் எந்தச் சூழலில் பிறந்தது என்பதைச் சுத்தவிபங்கம் என்னும் விநய நூல், அதாவது துறவியர் ஒழுக்க நூல், கதையாகச் சொல்கிறது. அதன்படி, கோசாம்பி நகரில் ஓர் அந்தணர் சங்கத்தாருக்குப் பால் பானம் அளித்தபோது பிக்குகள் எல்லாரும் ஓசையெழ உறிஞ்சிக் குடித்தனர்; முன்னர்க் கூத்தராக இருந்து துறவு பூண்ட ஒருவர், சங்கம் முழுவதும் குளிரில் நடுங்குவது போல் இருக்கிறதே என்று வேடிக்கையாகச் சொன்னார்; அந்த ஓசையும் சங்கத்தைப் பற்றிய அந்தப் பகடியும் ஒருங்கே கண்டிக்கப்பட்டபின் விதி பிறந்தது. ஏனைய விதிகள் பலவற்றின் பின்னணிக் கதையில், இன்பம் துய்க்கும் இல்லறத்தாரைப் போல இத்துறவியரும் உண்கிறார்களே என்று ஊரார் முறையிட்டதே காரணமாகக் கூறப்படுகிறது.

இந்த முப்பது விதிகளுள் ஒன்றேனும் 'மெதுவாக உண்க' என்று நேரடியாகச் சொல்லவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஆயினும் சிறு கவளமாக உருட்டி, ஒன்றை விழுங்கிய பின்னரே அடுத்ததற்கு வாய் திறந்து, பேச்சின்றி, ஓசையின்றி, சிதறாமல் உண்பவர் விரைந்து உண்ண இயலாது. விதிகள் மதிப்பைக் கோரின, நிதானம் அதன் விளைவாக வந்தது. உண்பதற்கு முன் பிக்கு மனத்தில் கொள்ள வேண்டிய எண்ணமும் இதே திசையில் அமைந்தது. விளையாட்டுக்காகவோ செருக்குக்காகவோ உடலைக் கொழுக்க வைக்கவோ அழகூட்டவோ உண்ணாமல், உடல் நிலைத்து நிற்கவும் பசித்துன்பம் தணியவும் அறவாழ்வு தொடரவும் மட்டுமே உண்பது என்னும் நினைவூட்டல் பாலி நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. தியானப் பயிற்சியை விளக்கும் சதிபட்டான சுத்தமோ, அதாவது அப்பெயருடைய புத்தர் உரையோ, உண்ணல், பருகல், மெல்லல், சுவைத்தல் ஆகியவற்றையும் முழு விழிப்போடு செய்ய வேண்டிய செயல்களின் வரிசையில் சேர்த்து, உணவு வேளையையே பயிற்சிக்குரிய நேரமாக்கியது.

கோசல மன்னனும் மருத்துவ நூலும்

உடல்நலம் இந்த மரபில் இடம்பெறவே இல்லை என்று கொள்வது தவறாகும். சம்யுத்த நிகாயம் என்னும் பாலித் தொகுப்பில் வரும் ஒரு சிறு சுத்தம், கோசல நாட்டு மன்னன் பசேநதி ஒருவேளைக்கு ஒரு தோணம் என்னும் பேரளவு அரிசிச் சோறு உண்பவனாக இருந்ததையும், உண்டு பெருமூச்சு வாங்கியபடி புத்தரிடம் வந்ததையும் சொல்கிறது. விழிப்புடன் இருந்து அளவறிந்து உண்பவனுக்குத் துன்பங்கள் மெலியும், முதுமை மெல்ல வரும் என்னும் கருத்துடைய செய்யுள் ஒன்றைப் புத்தர் கூற, மன்னன் சுதஸ்ஸனன் என்னும் இளைஞனை அதை மனப்பாடம் செய்யச் சொல்லி, தான் உண்ண அமரும்போதெல்லாம் ஓதுமாறு பணித்து, நாள்தோறும் நூறு கஹாபணம், அதாவது அக்காலக் காசு, ஊதியமாக ஏற்பாடு செய்தான். உணவு படிப்படியாகக் குறைந்து ஒரு நாழி அரிசிச் சோற்றளவில் நின்றது. உடல் இளைத்து இலேசான மன்னன் தன் உறுப்புகளைத் தடவிக்கொண்டு, புத்தர் தனக்கு இம்மை மறுமை இரண்டிலும் நன்மை செய்தார் என்று மகிழ்ந்தான். உண்ணும் நேரத்தில் ஒலிக்கும் நினைவூட்டல் உண்பவரின் அளவை மாற்றும் என்பதைச் சொல்லும் மிகப் பழைய பதிவுகளுள் இது ஒன்று. துறவியருக்கும் இதையொத்த அளவு சொல்லப்பட்டது; வயிறு நிறைய இன்னும் நான்கைந்து கவளம் இருக்கும்போதே நிறுத்தி, நீர் பருகிக்கொள்ள வேண்டும் என்பது புத்தரின் சீடர் சாரிபுத்தர் வாக்காகத் தேரகாதை என்னும் பாலிச் செய்யுள் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

மருத்துவ நூல்கள் அதே நடத்தையை உடலின் பக்கமிருந்து அணுகின. சரக சம்ஹிதையின் விமானஸ்தானம் உண்ணும் முறையை வகுக்கும்போது, சூடானதை, நெய்ப்பசையுள்ளதை, அளவோடு, முன்னுண்டது செரித்தபின், உவப்பான இடத்தில், மிக விரையாமலும் மிகத் தாமதிக்காமலும், பேச்சும் சிரிப்பும் இன்றி, மனத்தை உணவில் வைத்து உண்ண வேண்டும் என்று கூறி, ஒவ்வொன்றுக்கும் காரணமும் தருகிறது. விரைந்து உண்பவருக்கு உணவு தன் வழியில் செல்லாது, அதன் குற்றமும் குணமும் தெரியாது. மிகத் தாமதித்து உண்பவருக்கோ நிறைவு வராது, ஆகவே அவர் மிகுதியாக உண்பார், உணவும் ஆறிப்போய்ச் சீரின்றிச் செரிக்கும் என்பது அந்நூலின் விளக்கம். மெதுவாக உண்பது எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவும் நன்மையே என்னும் இக்கால எண்ணத்துக்கு அந்நூலில் இடமில்லை. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான 'மருந்து' என்பதும் இவ்வாறே முன்னுண்டது செரித்த நிலையையும் பசியையும் அளவையும் அறிந்து உண்பதையே வலியுறுத்துகிறது.

காவிரிக் கரையில் விநயம்

பிக்குகளின் உணவு விதிகள் தமிழகத்துக்குப் புறத்தே மட்டும் பேணப்பட்டவை எனக் கருத இடமில்லை. உறையூரைச் சேர்ந்தவராகக் கருதப்படும் புத்ததத்தர், சோழ நாட்டுப் பூதமங்கலத்து விகாரத்தில் தங்கி, விநய பிடகத்தின் பொருளைப் பாலிச் செய்யுள்களாகச் சுருக்கி 'விநயவிநிச்சயம்' என்னும் நூலை இயற்றினார். களப்பிர மரபினனான அச்சுதவிக்கந்தன் ஆண்ட காலத்தில் அது எழுதப்பட்டதாக நூலின் இறுதியில் அவரே குறிப்பிடுகிறார். சேகிய விதிகளும் அந்தச் சுருக்கத்துள் அடங்கும் என்பதால், கவளத்தின் அளவையும் உண்ணும் ஓசையையும் பற்றிய கட்டளைகளைக் காவிரிக் கரைத் துறவியர் செய்யுளாக ஓதி நினைவில் வைத்தனர் என்று கொள்ளலாம்.

தமிழின் பௌத்தக் காப்பியமான மணிமேகலை, உண்பவருக்கும் கொடுப்பவருக்கும் உள்ள உறவை மறுமுனையிலிருந்து காட்டுகிறது. மணிபல்லவத்தில் கோமுகிப் பொய்கையிலிருந்து காப்பியத் தலைவி மணிமேகலை பெற்ற அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். ஆயினும் ஆதிரை என்னும் இல்லறத்தாள் இட்ட முதற்பிச்சையோடுதான் அதன் அறம் தொடங்குகிறது. அள்ள அள்ளக் குறையாத கலத்துக்கும் கொடுப்பவர் ஒருவர் வேண்டும் என்பதும், யானைத்தீ என்னும் தீராப்பசி நோயால் வருந்திய காயசண்டிகை அதிலிருந்து பெற்ற உணவால் பசி நீங்கினாள் என்பதும், உணவின் நிறைவு அளவைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை என்னும் கருத்தைக் கதையாக்கியவை.

பிற்காலத்தில் கொடையின் வடிவம் மாறியது. கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மாரவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணிவர்ம விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் 1006ஆம் ஆண்டையொட்டி ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்ததை, லைடன் பெரிய செப்பேடு என வழங்கும் ஆவணம் பதிவு செய்கிறது. வீட்டு வாயிலில் முகம் பார்த்து இடப்பட்ட கவளத்தின் இடத்தில் ஓர் ஊர் முழுவதின் நெல் வந்து சேர்ந்தபோது, கொடுப்பவர் பிக்குவின் கண்ணுக்குத் தெரியாதவரானார். கண்ணில் படாத கொடையாளரை எப்படி நினைவில் நிறுத்துவது என்னும் இதே சிக்கலுக்குச் சீனத் துறவியர் வேறொரு விடை கண்டிருந்தனர்.

சீனத்தில் எழுந்த ஐந்து எண்ணங்கள்

இந்திய மடங்களில் உண்ணும் முறையை நேரில் கண்டு எழுதியவர்களுள் சீனத் துறவி இத்சிங் (635–713) முதன்மையானவர். 671இல் கடல்வழியாகப் புறப்பட்டு, நாலந்தாவில் ஏறத்தாழப் பத்தாண்டு கற்று, ஸ்ரீவிஜயத்தில் தங்கியிருந்தபோது தம் நாட்டுத் துறவியருக்கு எழுதி அனுப்பிய குறிப்பில், உண்ணுமுன் கைகால் கழுவுதல், தாழ்ந்த தனித்தனி இருக்கைகளில் கால்களைத் தரையில் ஊன்றி அமர்தல், முதலில் இஞ்சியும் உப்பும் பரிமாறுதல், உண்டபின் பல்குச்சியால் பல் துலக்கி வாய் கொப்பளித்தல் எனப் பந்தியின் ஒழுங்கை அவர் வரிசையாக விவரிக்கிறார். வாய் வைத்த உணவையும் வைக்காத உணவையும் ஒன்றாகக் கலப்பதை இந்தியர் எவ்வளவு கண்டிப்பாகத் தவிர்த்தனர் என்பதும் அவர் கவனத்தை ஈர்த்தது.

சீனத்தின் குளிரும் சமூக அமைப்பும் நாள்தோறும் இரந்துண்ணும் முறைக்கு ஏற்றவையாக இல்லை. அரசரும் செல்வரும் அளித்த நிலங்களோடு துறவியர் தாமே உழைத்த வயல்களும் மடங்களைத் தாங்கின. சான் மரபின், அதாவது ஜப்பானில் ஜென் எனப் பெயர் பெற்ற தியான மரபின், ஆசிரியரான பைஜாங், முதுமையில் தம் கருவிகளைச் சீடர்கள் ஒளித்து வைத்தபோது வேலை செய்யாத நாளில் உண்ண மறுத்தார் என்னும் கதை வழிவழியாக வருகிறது. இத்தகைய சூழலில், விநய அறிஞர் தாவ்சுவான் (596–667) எழுத்துகளை அடியொற்றி, உண்ணுமுன் எண்ண வேண்டிய ஐந்து பொருள்கள் நிலைபெற்றன. இவ்வுணவு எவ்வளவு உழைப்பால், எங்கிருந்து வந்தது என்பது முதலாவது. இதை ஏற்கும் தகுதி தன் ஒழுக்கத்துக்கு உண்டா என்பது இரண்டாவது. பேராசை முதலான குற்றங்களிலிருந்து மனத்தைக் காத்தல் மூன்றாவது. உடல் நலியாமல் காக்கும் நன்மருந்தாக உணவைக் கருதுதல் நான்காவது. மெய்ந்நெறியை நிறைவேற்றவே இதை ஏற்பது என்னும் உறுதி ஐந்தாவது. மருந்து என்னும் எண்ணம் நான்காம் இடத்தில் நிற்க, உழைப்பும் தகுதியும் அதற்கு முன்னே வைக்கப்பட்டுள்ள இந்த வரிசையே இம்மரபின் முன்னுரிமையைத் தெளிவாகக் காட்டுகிறது. வாயிலில் நின்று சோறிட்ட பெண்ணின் இடத்தில், உழவர், சுமப்பவர், சமைப்பவர் என நீளும் முகமறியா வரிசை வந்து அமர்ந்தது. சோங் காலக் கவிஞரும் அலுவலருமான ஹுவாங் டிங்ஜியான் (1045–1105) இதே ஐந்தையும் கற்றறிந்த இல்லறத்தாருக்கென எடுத்தெழுதினார். 1103இல் தொகுக்கப்பட்ட சான் மடங்களின் ஒழுக்கக் கோவை, பந்திக்குச் செல்வது முதல் பாத்திரம் கழுவுவது வரை எல்லாவற்றையும் நெறிப்படுத்தியது.

தோகெனின் மடைப்பள்ளி

ஜப்பானின் சோத்தோ ஜென் மரபை நிறுவிய தோகென் (1200–1253) இந்த ஒழுக்கத்தின் மிக நுணுக்கமான எழுத்தாளர். 1223இல் சீனத் துறைமுகத்தில் நின்ற கப்பலில் அவர் தங்கியிருந்தபோது, ஜப்பானியக் காளான் வாங்குவதற்காக அசோகர் பெயர் தாங்கிய மலைமடத்திலிருந்து முப்பது லீக்கு மேல், அதாவது பதினைந்து கிலோமீட்டருக்கும் கூடுதலான தொலைவு, நடந்து வந்த அறுபத்தொரு வயது முதியவரைச் சந்தித்தார். அம்முதியவர் மடத்தின் தென்சோ, அதாவது மடைப்பள்ளித் தலைவர். இந்த வயதில் தியானத்தில் அமர்வதையும் நூல் ஓதுவதையும் விட்டுச் சமையல் வேலையில் ஏன் உழல வேண்டும் என்று தோகென் கேட்க, அயல்நாட்டு இளைஞருக்குப் பயிற்சி என்றால் என்னவென்று இன்னும் விளங்கவில்லை என்று அவர் சிரித்தார். அச்சந்திப்பைத் தம் வாழ்வின் திருப்பமாகக் கருதிய தோகென், 1237இல் 'தென்சோ கியோகுன்' என்னும் மடைத்தொழில் அறிவுரை நூலை எழுதினார்.

அரிசியைத் தானே களைந்து மணல் நீக்க வேண்டும், களையும்போது ஒரு மணியும் வீணாகலாகாது, பொதுப் பொருளைத் தன் கண்மணி போலக் காக்க வேண்டும், கீரைக் கஞ்சியாயினும் விலையுயர்ந்த உணவாயினும் மனநிலை மாறாமல் சமைக்க வேண்டும் என்று அந்நூல் வலியுறுத்துகிறது. சுவையை அது விலக்கவில்லை. மென்மை, தூய்மை, முறைமை என்னும் மூன்று பண்புகளும் ஆறு சுவைகளும் நிறைந்திருந்தால் ஒழியத் தென்சோ தன் கடமையைச் செய்தவராகார் என்பது பழைய சீனக் கோவையிலிருந்து அவர் எடுத்தாண்ட நெறி; அந்த ஆறில் தமிழ் மரபின் துவர்ப்புக்குரிய இடத்தில், பொருளின் இயல்பை மறைக்காத மென்சுவை நிற்கிறது. சமைப்பவரிடம் இருக்க வேண்டிய மூன்று மனங்களாக அவர் கூறுபவற்றுள் முதலாவது மகிழும் மனம். மற்றவை பெற்றோர் மனமும் பெருமனமும். துறவியரின் உணவில் இன்பத்துக்கு இடமுண்டா என்னும் கேள்விக்கு இதுவே இம்மரபின் விடை எனலாம்: நாவின் இன்பத்தைத் தேடிச் செல்ல விடாத அதே ஒழுங்கு, பிறர் உண்ணச் சமைப்பதன் மகிழ்ச்சியையும் இயல்பான சுவையை அறியும் மகிழ்ச்சியையும் கடமையாகவே ஆக்கியது.

உண்பவர் பக்கத்து நெறியை 1246இல் எய்ஹெய்ஜி மடத்தில் எழுதிய 'ஃபுஷுகு ஹம்போ' என்னும் நூலில் தோகென் வகுத்தார். மணியோசைக்கேற்ப மண்டபத்தில் நுழைதல், துணியில் சுற்றிய, ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் கிண்ணங்களை வரிசை மாறாமல் விரித்து வைத்தல், ஐந்து எண்ணங்களை ஓதுதல், ஏழு பருக்கைக்கு மிகாத சோற்றைப் பசித்த ஆவிகளுக்கென ஒதுக்குதல், உண்டபின் அதே இடத்தில் வெந்நீரால் கிண்ணங்களைக் கழுவித் துடைத்து மீண்டும் சுற்றிவைத்தல் ஆகியவை இந்த 'ஓரியோகி' முறையின் உறுப்புகள். பெரிய கவளம், கன்னம் புடைத்தல், உறிஞ்சும் ஓசை, அடுத்தவர் கிண்ணத்தைப் பார்த்தல் முதலிய பாலி விநயத்தின் விலக்குகள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இங்கு ஏறத்தாழ மாறாமல் வருகின்றன. மிக விரைந்து உண்டு முடித்துவிட்டுக் கைகட்டி அமர்ந்து மற்றவரைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று தோகென் தனியே எச்சரிப்பதும் கருதத்தக்கது. உண்பதன் வேகம் பந்தி முழுவதற்கும் பொதுவானது, அதைக் குலைப்பது உடனிருப்போரை அவமதிப்பது என்பதே அதன் கருத்து.

இந்த நெறி மடத்துச் சுவருக்குள் நின்றுவிடவில்லை. ஃபுகுவோகா பகுதியின் கன்ஃபூசிய அறிஞரும் மருத்துவம் அறிந்தவருமான கைபாரா எக்கிகென் தம் முதுமையில் எழுதி 1713இல் வெளியிட்ட 'யோஜோகுன்' என்னும் உடல்நலப் பேணல் நூல், வயிறு எட்டுப் பங்கு, ஒன்பது பங்கு நிறைந்ததுமே நிறுத்த வேண்டும் என்று கூறுவதோடு, உண்ணும்போது எண்ண வேண்டிய ஐந்து பொருள்களையும் இல்லறத்தாருக்கேற்ப மாற்றித் தருகிறது. இவ்வுணவைத் தந்த பெற்றோரும் தலைவரும், இதை விளைவித்த உழவரின் துன்பம், தகுதி குறைந்த தனக்கு இது கிடைத்திருத்தல், தன்னிலும் வறியவர் பலர் இருத்தல், தானிய உணவே இல்லாதிருந்த பழங்கால மக்கள் ஆகியோரை நினைக்கச் சொல்லும் அந்நூலில், நெடுநாள் வாழும் வழியும் பிறருக்குப் பட்ட கடனும் ஒரே இலையில் பரிமாறப்பட்டுள்ளன.

எண்ணிக்கையும் உலர்திராட்சையும்

உடல்நலப் பேணலும் பிறருக்குப் பட்ட கடனும் பிரிந்தது மேற்குலகின் இக்காலத்தில். அமெரிக்க வணிகரான ஹொரேஸ் ஃபிளெட்சர் (1849–1919), உடற்பருமன் காரணமாக ஆயுள் காப்பீடு மறுக்கப்பட்டபின், உணவு நீராகித் தானே தொண்டையில் இறங்கும்வரை மெல்ல வேண்டும் என்னும் கொள்கையைப் பரப்பினார். யேல் பல்கலைக்கழக உடலியல் அறிஞர் ரஸ்ஸல் சிட்டெண்டன் அவரைத் தம் ஆய்வகத்தில் சோதித்ததிலிருந்து தொடங்கிய ஆய்வுகளை 1904இல் நூலாக்கி, அன்று கருதப்பட்டதைவிடக் குறைந்த புரதமே உடலுக்குப் போதும் என வாதிட்டார். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் சில ஆண்டுகள் இம்முறையைப் பின்பற்றிக் கைவிட்டார். அவர் தமையனும் உளவியலறிஞருமான வில்லியம் ஜேம்ஸ் மூன்றே மாதத்தில் விட்டுவிட்டார். உண்பவரின் கவனம் முழுவதும் தன் தாடையின் மீதும் உடற்கணக்கின் மீதும் குவிந்த இம்முறையில், அளித்தவருக்கும் உடனுண்பவருக்கும் இடமில்லை. அதன் பெருமோகம் ஃபிளெட்சரின் காலத்தோடு ஏறத்தாழ முடிந்தது.

பௌத்த வழியின் கவனம் மருத்துவத்துக்குள் நுழைந்தது 1979இல், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியின் மூலம். கொரிய ஜென் ஆசிரியரிடமும் பயின்ற அவர், சமயச் சார்பின்றி நோயாளிகளுக்கு அளித்த பயிற்சியில், ஓர் உலர்திராட்சையைப் பார்த்து, தொட்டு, முகர்ந்து, பின் மெல்லச் சுவைக்கும் முறை புகழ்பெற்றது. ஜீன் கிறிஸ்டெல்லர் என்னும் உளவியலறிஞர் இவ்வகைத் தியானத்தை அளவிறந்து உண்ணும் கோளாறு உடையோருக்கென வடிவமைத்து, 1999இல் வெளியிட்ட சிறு ஆய்வில் அந்நிகழ்வுகள் குறைந்ததைக் கண்டார். உடலியலும் இதற்கு ஓரளவு துணை நிற்கிறது. மெல்லும்போது உமிழ்நீரிலுள்ள நொதி மாவுப்பொருளைச் சிதைக்கத் தொடங்குகிறது; வாயிலிருந்து எழும் மணம் மூக்கின் பின்வழியே ஏறிச் சுவையின் பெரும்பகுதியை உருவாக்குகிறது; இரைப்பை விரிவும் குடலில் சுரக்கும் இயக்குநீர்களும் தரும் நிறைவுச் செய்தி மூளையில் முழுமையாக உணரப்பட ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகிறது என்பது பொதுக் கணிப்பு. நான்கைந்து கவளம் முன்னதாக நிறுத்தச் சொன்ன பழைய அறிவுரையின் பொருள் இந்த இடைவெளியை வைத்துப் பார்க்கும்போது தெளிவாகிறது.

ஆயினும் மருத்துவமனைப் பயிற்சி கைக்கொண்டது பழைய மரபின் ஒரு பாதியையே என்று சொல்ல வேண்டும். வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் (1926–2022), பிரான்சில் 1982இல் நிறுவிய பிளம் கிராமத்தில் ஐந்து எண்ணங்களை இக்கால மொழியில் திருத்தி எழுதி, பிற உயிர்களின் துன்பத்தைக் குறைத்தலையும் புவியைக் காத்தலையும் அவற்றுள் சேர்த்தார். உணவு யாரிடமிருந்து வந்தது என்னும் முதற்கேள்வி அங்கு மீண்டும் முதலிடம் பெற்றது. ரோம் நகரின் ஸ்பானியப் படிக்கட்டுகளருகே 1986இல் அமெரிக்கத் துரித உணவுக் கடை திறக்கப்பட்டதை எதிர்த்து, கார்லோ பெத்ரினியின் தலைமையில் இத்தாலியில் வளர்ந்து 1989இல் பாரிசில் கொள்கை அறிக்கை வெளியிட்ட 'ஸ்லோ ஃபுட்' இயக்கமும், பௌத்தத்தோடு எத்தொடர்பும் இன்றியே, உண்பவரின் இன்பத்தை உழவரோடும் உள்ளூர் விளைபொருளோடும் பிணைத்தது.

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க முடிவு எளியது. மெல்ல உண்பதைத் தன் உடலுக்கான சிகிச்சையாக மட்டும் மேற்கொண்ட முறைகள், ஃபிளெட்சரின் மெல்லும் கணக்கைப் போல, ஒரு தலைமுறைக்குள் சலித்து உதிர்ந்திருக்கின்றன. உணவை விளைவித்தவர், சமைத்தவர், உடனிருந்து உண்பவர் ஆகியோரை நினைவில் நிறுத்திய முறைகளோ கோசாம்பியிலிருந்து எய்ஹெய்ஜி வரை நூற்றாண்டுகளைத் தாண்டி நின்றிருக்கின்றன. நிதானம், நிறைவு, அளவு, சுவையறிதல் ஆகிய பயன்கள் அந்த நினைவின் வழியே வந்தவை. மெல்ல உண்ணப் பழக விரும்புவோர் எத்தனை முறை மெல்வது என்று எண்ணத் தொடங்குவதற்கு முன், இந்த உணவு எங்கிருந்து, எவர் உழைப்பால் வந்தது என்னும் கேள்வியோடு தொடங்குவதே வரலாறு காட்டும் உறுதியான வழி.